போதைத் தடைச் சட்டமும் நம் வீட்டுக் கதவும்

(மும்பையில் நடந்த சங்க உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாதக் கூட்டத்துக்கு இந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதுமே இரண்டு மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள். "சங்கம் கஞ்சாக்காரனுக்கு வக்காலத்து வாங்கப் போகிறதா?" என்று. இல்லை. கஞ்சா நல்லது என்று சொல்லவோ, பிரவுன் சுகரால் பாதகமில்லை என்று சொல்லவோ நாம் இங்கே கூடவில்லை. 1980களில் பிரவுன் சுகர் இந்த நகரத்துக்குள் புகுந்து எத்தனை வீட்டுப் பிள்ளைகளைச் சருகாக்கிப் போட்டது என்பதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

நாம் பேச வந்தது வேறு. போதையை ஒழிக்கிறோம் என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் போதையை ஒழித்ததா என்று கேட்டால் உங்கள் தெருமுனையே பதில் சொல்லும். ஆனால் அது வேறு சிலவற்றை நிச்சயமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நம் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய அனுமதி, குற்றம் நிரூபணம் ஆகும்வரை நிரபராதி என்ற பாதுகாப்பு, ஜாமீன், நமக்குப் புரியும் மொழியில் நம்மீதுள்ள குற்றத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை. இவையெல்லாம் யாரிடமிருந்து போயின என்பதுதான் இன்றைய கேள்வி.

1985 நவம்பர் 14ல் நடைமுறைக்கு வந்தது போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். சுருக்கமாக என்.டி.பி.எஸ். என்கிறார்கள். கோர்ட்டில் இந்த நான்கு எழுத்து காதில் விழுந்தால் வக்கீலின் பீஸ் இரண்டு மடங்காகும், அது இருக்கட்டும். அதற்கு முன் நாடு முழுவதற்குமான கஞ்சாத் தடை இல்லை, பல இடங்களில் லைசென்ஸ்தான் இருந்தது. வெள்ளைக்காரன்கூட இதை விசாரித்துப் பார்த்திருக்கிறான். 1893ல் இந்திய சணல் மருந்துக் கமிஷன் என்று ஒன்றை நியமித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894ல் ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தது அந்தக் கமிஷன். முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்பதுதான் அதன் முடிவு. வெள்ளைக்காரனுக்கு வரி முக்கியம் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் தடை போட்டால் போலீஸ் கெடுபிடிதான் பெருகும் என்பதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். பிறகு 1961ல் உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. கஞ்சாவை நிறுத்த 25 வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிகிற நேரத்தில் அவசர அவசரமாக இந்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இதே செடியின் இலை இந்தச் சட்டத்தில் சேராது. பூவும் பூத்த நுனியும்தான் கஞ்சா. அதனால் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க லைசென்ஸ் வாங்கிய பாங்குக் கடைகள் இருக்கின்றன. ஹோலிக்கு முதலாளி வீட்டு மாடியில் தண்டாய் குடித்தால் பண்டிகை. ரயில் பாதை ஓரத்தில் உட்கார்ந்து சிலிம் பிடித்தால் குற்றம். செடி ஒன்றுதான். ஆள் வேறு.

இனி சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை செய்தான் என்பதை சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விடுதலை. இந்தச் சட்டத்தில் 35ம் பிரிவும் 54ம் பிரிவும் இருக்கின்றன. உங்கள் பையிலோ உங்கள் குடிசையிலோ பொருள் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், தெரிந்துதான் வைத்திருந்தீர்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். "எனக்குத் தெரியாது" என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். தெரியாது என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் ஷிப்ட் முறையில் படுக்கிற இடத்தில், மேலே பரணில் இருந்த பை யாருடையது என்று யார் சொல்வது? 2008ல் நூர் ஆகா என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு கடிவாளம் போட்டது. பொருள் உன்னிடம் இருந்தது என்ற அடிப்படையை முதலில் அரசுத் தரப்பு சரியாக நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் பலன் விசாரணை முடிகிற அன்றைக்குத்தான் கிடைக்கும். விசாரணை என்றைக்கு முடிவது?

அதற்குத்தான் 37ம் பிரிவு. பெரிய அளவு, அதாவது கஞ்சாவுக்கு 20 கிலோ, ஹெராயினுக்கு 250 கிராம் என்ற வணிக அளவு வழக்குகளில் ஜாமீன் கேட்டால், இவன் குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருக்கிறதா என்று நீதிபதி பார்க்க வேண்டும். சாட்சி ஒருவரைக்கூட விசாரிக்கும் முன்பே குற்றவாளி இல்லை என்று நம்ப வேண்டுமாம்! எந்த நீதிபதி நம்புவார்? சாதாரண வழக்கில் 60 நாளிலோ 90 நாளிலோ குற்றப்பத்திரிகை வராவிட்டால் வெளியே வந்துவிடலாம். இதில் 180 நாள். அதையும் ஒரு வருஷம் வரை நீட்டலாம்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு டெல்லியில் ஒரு வழக்கே சாட்சி. 2015ல் கஞ்சா வழக்கில் பிடிபட்ட ஒருவர். பிடிபட்டபோது வயது 23. ஏழு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார், வழக்கு முடியவில்லை. 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. இவ்வளவு காலதாமதம் ஆனால் 37ம் பிரிவைக் காட்டி ஒருவரை அடைத்து வைத்திருக்க முடியாது என்று சொன்னது. 23 வயதிலிருந்து 30 வயதுவரை என்பது ஒரு மனிதனுக்கு எந்த வயது என்று நமக்குத் தெரியும். வேலை பழகுகிற வயது. கல்யாணம் ஆகிற வயது. ஊருக்குப் பணம் அனுப்புகிற வயது. நாளைக்கே அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் அந்த ஏழு வருஷத்தை எந்தக் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்?

எடை விஷயத்தையும் சொல்லிவிடுவோம். 1985லிருந்து 2001 வரை பிரவுன் சுகர் ஒரு பொட்டலமா ஒரு மூட்டையா என்ற வித்தியாசமே சட்டத்தில் இல்லை. சொந்த உபயோகத்துக்குத்தான் என்று பிடிபட்டவனே நிரூபித்தால் ஒழிய குறைந்தது 10 வருஷம். 2001ல்தான் சிறு அளவு, நடு அளவு, வணிக அளவு என்று பிரித்தார்கள். 2020ல் வந்த தீர்ப்பின்படி தூய சரக்கின் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அதில் கலந்த மாவும் தூளும் சேர்த்த மொத்த எடைதான் கணக்கு. தெருவில் விற்பது எல்லாமே கலப்படம். ஆகவே கலப்படத்தை வாங்கி ஏமாந்தவனுக்கே தண்டனையும் கூடுதல்.

அதிகாரி தப்பு செய்தால்? அதற்கும் பிரிவு இருக்கிறது, 58வது. காரணமில்லாமல், தொல்லை கொடுப்பதற்காகச் சோதனை போட்ட அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பக்கம் 20 வருஷம், அந்தப் பக்கம் 1,000 ரூபாய். தராசு எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். அந்தப் பிரிவில் தண்டனை வாங்கிய அதிகாரி ஒருவரைக்கூட நம் பகுதியில் யாரும் கண்டதில்லை.

ஆனால் தோழர்களே, இதெல்லாம் பெரிய வழக்கு. நம் வீடுகளுக்கு வருவது சின்ன வழக்கு. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

27ம் பிரிவு. உபயோகித்தல். கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். மாலையில் வேலை முடிந்து நாலு பையன்கள் மைதானத்து ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி வருகிறது. ஏறு என்கிறார்கள். ஒருவன் கையில் நிஜமாகவே இருந்திருக்கலாம், மூன்று பேர் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஸ்டேஷனில் காகிதம் எழுதுகிறார்கள். மராத்தியில் எழுதுகிறார்கள். கையெழுத்துப் போடு என்கிறார்கள். மறுநாள் கோர்ட்டில் கூண்டில் ஏற்றி, "குன்ஹா கபூல் ஆஹே கா?" என்று கேட்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கிற யாரோ காதில் சொல்கிறார்கள்: "ஒப்புக்கொள், அபராதம் கட்டினால் இன்றைக்கே வீடு. இல்லை என்றால் வாய்தா வாய்தா என்று அலைய வேண்டும்." தினக்கூலிக்காரனுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். ஒப்புக்கொள்கிறான். தாய் கம்மலை அடகு வைத்து அபராதம் கட்டுகிறாள். விட்டது சனி என்று வீட்டுக்கு வருகிறார்கள்.

சனி விடவில்லை. அன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ரயில்வே இலாகாவில் குமாஸ்தா வேலை பார்க்கிற நமக்கு இந்தப் படிவம் நன்றாகத் தெரியும். அரசாங்க வேலை கிடைத்ததும் அத்தாட்சிப் படிவம் என்று ஒன்றை நிரப்ப வேண்டும். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்கு நடந்ததா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டனை பெற்றீர்களா என்று வரிசையாகக் கேட்கும். பரீட்சைக் கேள்வித்தாளைக் கண்டு பயப்படாத பையன் இந்தத் தாளைக் கண்டு நடுங்குவான். உண்மையை எழுதினால் வேலை போகுமோ என்ற பயம். மறைத்தால், மறைத்ததற்காகவே வேலை போகலாம். 2016ல் அவ்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைப் பற்றி விதிகளை வகுத்தது. சின்னக் குற்றம், இளவயது என்றால் அதிகாரி மன்னிக்கலாம் என்று அதில் இருக்கிறது. மன்னிக்கலாம், அவ்வளவுதான். மன்னிக்க வேண்டும் என்று இல்லை. படித்து முன்னுக்கு வருகிற முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஒரு சாயங்காலம் இப்படி வந்து சேர்கிறது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போதும் இதே கதைதான்.

இது நமது கற்பனை அல்ல. விதி சட்டக் கொள்கை மையம் என்ற ஆய்வு நிறுவனம் மும்பைக் கோர்ட்டுகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2020ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் விற்றவர்கள் அல்ல, சொந்த உபயோகத்துக்காகப் பிடிக்கப்பட்டவர்கள். குடிசையிலும் நடைபாதையிலும் வாழ்கிற கூலிக்காரர்கள்தான் அதிகம். குற்றத்தை ஒப்புக்கொண்டு போனவர்களே அநேகம். மாடிக் கட்டடத்தில் யாரும் புகைப்பதில்லையா? புகைக்கிறார்கள். அங்கே கதவு இருக்கிறது, கதவுக்குக் கீழே வாட்ச்மேன் இருக்கிறான், வாட்ச்மேனுக்கு மேலே சொசைட்டி செக்ரட்டரி இருக்கிறார். நமக்கு மறைவு இல்லை. நாம் சமைப்பதும் குளிப்பதும் சண்டை போடுவதும் தெருவில்தான். தெருவில் வாழ்கிறவன் தெருவில் பிடிபடுகிறான்.

பெரிய இடத்துக்கும் ஒரு முறை இந்தச் சட்டம் போய்ப் பார்த்தது. 2021 அக்டோபரில் மும்பையிலிருந்து புறப்பட இருந்த சொகுசுக் கப்பல் விவகாரத்தில் நடிகர் ஷாருக் கானின் மகனைக் கைது செய்தார்கள். அவரிடம் பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. இந்தியாவின் முன்னாள் அட்டர்னி ஜெனரலே அவருக்காக வாதாடினார். அப்படியும் மூன்று வாரத்துக்கு மேல் காவலிலும் ஆர்தர் ரோடு சிறையிலும் இருந்தார். 2022 மே மாதம் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமே ஆதாரம் போதாது என்று அவர் பெயரை விட்டுவிட்டுக் குற்றப்பத்திரிகை கொடுத்தது. நாடே பேசியது. நாடு பேசாத எத்தனை பேர் அதே ஆர்தர் ரோடில் அதே மாதத்தில் இருந்தார்கள்!

இந்தத் தடைகளுக்கு இந்த ஊரில் நீண்ட சரித்திரம் உண்டு. நம் மக்களுக்கு அதில் ஒரு கசப்பான பங்கும் உண்டு. 1949ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. அதன் முதல் வடிவத்தில், மது நல்லது என்று பாராட்டிப் பேசுவதுகூடக் குற்றம். 1951ல் பல்சாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டாலும், பேச்சைத் தடுத்த பிரிவு செல்லாது என்றது. மதுசாரம் கலந்த மருந்தையும் வாசனைத் தைலத்தையும் வைத்திருப்பதைத் தடுத்ததும் செல்லாது என்றது. குடியை ஒழிக்கப் புறப்பட்ட சட்டம் மனிதனின் நாக்குவரை கை நீட்டியது என்பதற்கு அது சாட்சி. அந்தச் சட்டம் பெயர் மாறி இன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. குடிக்க வேண்டுமானால் பர்மிட் வேண்டும். ஐந்து நட்சத்திர ஓட்டலில் யாராவது பர்மிட் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அந்த மதுவிலக்குக் காலத்தில்தான் ஹாத்பட்டி சாராயம் கொடிகட்டிப் பறந்தது. விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கிக்கொண்டிருந்த வரதராஜ முதலியார் பெரிய வரதா பாயாக ஆனது அந்தச் சாராயத்தில்தான். நம் ஆட்களில் சிலர் இன்னும் அவரைப் பெருமையாகச் சொல்வார்கள், உதவி செய்தார் என்பார்கள். செய்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கிடைத்தது பணமும் பேரும். அவர் பேரில் நமக்குக் கிடைத்தது? சோதனை என்றால் முதலில் மதராஸி சால். கையில் கேன் கொண்டுபோனால் சாராயக் கேன். தடை ஒரு பெரிய மனிதரை உண்டாக்கியது. பல்லாயிரம் பேரைச் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆக்கியது. விஷச் சாராயம் நிற்கவும் இல்லை. 2015 ஜூனில் மலாட் மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், எல்லாரும் ஏழைகள்.

நம் கூட வேலை செய்கிற பீகார் தோழர்களைக் கேளுங்கள். 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு. அந்த வருஷம் வந்த சட்டத்தில், வீட்டில் பாட்டில் கிடைத்தால் அந்த வீட்டிலுள்ள வயதுவந்த எல்லாரும் குற்றவாளிகள் என்று கொள்ளலாம் என்று இருந்தது. ஊருக்கே கூட்டு அபராதம் போடலாம் என்று இருந்தது. 2018ல்தான் அவற்றை எடுத்தார்கள். அந்தச் சட்டத்தில் முதன்முதலில் தண்டனை வாங்கியவர்கள் யார் தெரியுமா? 2017 ஜூலையில், ஜெகனாபாத்தில், கூலி வேலை செய்கிற முசகர் சாதிச் சகோதரர்கள் இரண்டு பேர். குடித்ததற்கு ஐந்து வருஷம் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். எலி பிடித்துத் தின்று வாழ்ந்த சாதி என்று சமூகம் ஒதுக்கி வைத்த மக்களுக்கு ஒரு லட்சம்! 2021ல் அன்றைய தலைமை நீதிபதி ரமணாவே, யோசிக்காமல் இயற்றிய சட்டத்துக்கு உதாரணமாக இதைச் சொன்னார். ஜாமீன் மனுக்களால் பாட்னா ஐகோர்ட் திணறுகிறது என்றார். 2024ல் அதே பாட்னா ஐகோர்ட்டின் ஒரு நீதிபதி, இந்த மதுவிலக்கு அதிகாரிகளுக்குப் பெரும் பணம் தருகிறது, பிடிபடுவது ஏழைகள்தான் என்று தீர்ப்பிலேயே எழுதினார். 2022ல் திருத்தம் செய்து முதல் தடவை குடித்துப் பிடிபட்டவர்களை அபராதத்தோடு விட ஆரம்பித்தார்கள். அதற்குள் எத்தனை குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு பஞ்சாபுக்கும் மும்பைக்கும் ரயில் ஏறியது என்பதை டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1981 சட்டம், தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று எல்லாரும் சொல்கிற 1982 சட்டம். இரண்டிலும் கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி என்ற தலைப்புகள் உண்டு. ஒரு வருஷம்வரை அடைக்கலாம். தடுப்புக் காவல் கூடாது என்று மேடையில் பேசிய கட்சிகளே ஆட்சிக்கு வந்ததும் அந்தக் கத்தியைக் கீழே வைத்ததில்லை, எந்தக் கட்சி என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கைப்பேசி. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் போலீசார் நடுத்தெருவில் ஆட்களை நிறுத்தி, கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப்பில் கஞ்சா என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொல்லி நாலு வருஷம்கூட முழுதாகக் கடந்திருந்த நேரம். புருஷன் பெண்சாதிக்கு எழுதியதைப் படிக்க ஒரு கான்ஸ்டபிளுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

சரி, உரிமை என்று ஒன்றும் மிச்சமில்லையா? இருக்கிறது. போராடி வாங்கியவை இருக்கின்றன. தெரியாததனால் இழக்கிறோம். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

உடம்பைச் சோதிப்பதற்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கும்படி கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று அதிகாரி சொல்லியே ஆக வேண்டும். இது 50ம் பிரிவு. 1999லும் 2010லும் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் இதை உறுதி செய்திருக்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். தாய்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு உடம்புக்குத்தான், கையிலிருக்கும் பைக்கு இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. ரயிலில் வருகிறவர்களுக்கு இதில்தான் ஆபத்து. ஸ்டேஷனும் வண்டியும் பொது இடம், அங்கே சோதிக்க வாரண்ட் வேண்டாம். 2019லிருந்து ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் இந்தச் சட்டத்தில் சோதிக்கவும் கைது செய்யவும் அதிகாரம் இருக்கிறது. "அண்ணாச்சி, இந்தப் பையை தாதர்வரைக்கும் கொஞ்சம் பார்த்துக்கிடுங்க" என்று யாராவது கொடுத்தால் முகம் கோணினாலும் பரவாயில்லை, வாங்காதீர்கள். ஊர்க்காரன் கொடுத்தாலும்தான். தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள் என்பதை முன்பே சொன்னோம்.

வீட்டுக்குள் வருவதானால், தகவலையும் காரணத்தையும் அதிகாரி எழுத்தில் வைத்திருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் வருவதானால், வாரண்ட் வாங்க ஏன் முடியவில்லை என்றும் எழுத வேண்டும். 2024 ஜூலை 1ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டார் வாசலில் நின்றாலே போதும், பாதி அட்டகாசம் குறையும். வாய்ச்சண்டை வேண்டாம், அதிகாரியைத் தொடவே வேண்டாம். சும்மா நின்று பார்த்தால் போதும்.

வாக்குமூலம் பற்றி ஒன்று. இந்தச் சட்டத்தில் 67ம் பிரிவின்படி அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலத்தையே வைத்துப் பல வருஷம் தண்டித்தார்கள். சென்னையிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் அது செல்லாது என்றார்கள். போலீஸ் அதிகாரம் உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதல் ஒப்புதல் அல்ல என்றார்கள். ஆகவே அடித்துக் கையெழுத்து வாங்கினாலும், "ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டோமே" என்று சோர்ந்துபோக வேண்டாம்.

மொழி. நமக்கு இதுதான் தலையாய விஷயம். மராத்தியிலோ இந்தியிலோ எழுதிய பஞ்சநாமாவில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! தடுப்புக் காவலில் வைத்தவருக்குத் தெரிந்த மொழியில் காரணத்தைச் சொல்லவில்லை என்பதற்காகவே 1968ல் ஒரிசாக்காரர் ஒருவரின் காவலை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 2025 நவம்பரில், இந்த மும்பையில் நடந்த ஒரு கார் விபத்து வழக்கிலிருந்து போன மனுவில், கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும், எந்தக் குற்றமானாலும் சரி என்று சொல்லிவிட்டது. உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லி, ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் தர வேண்டும். அந்த வழக்கு ஒரு பணக்கார வீட்டுப் பையனுடையது. ஆனால் தீர்ப்பு நமக்கும் சேர்த்துத்தான். "தமிழில் கொடுங்கள்" என்று கேளுங்கள். சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், "கேட்டேன், கொடுக்கவில்லை" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். அவர் அதை எழுதிக்கொண்டால் அதுவே பிறகு ஜாமீனுக்கு உதவும். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியே வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் "எனக்குப் படிக்கத் தெரியாத மொழி" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது காரணம் ஆகாது. 1987 சட்டத்தின்படி காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போன் எண் 15100. கூண்டில் கபூலா என்று கேட்டால், "வக்கீலோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். இந்தியில் சொல்ல வராவிட்டால் "வக்கீல் சாஹியே" என்றால் போதும்.

போன கூட்டத்தில் சியோன் கோலிவாடாவிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, நீங்க உரிமை உரிமைன்னு சொல்லுறீங்க. என் மகன் நெசமாவே குடிக்கான். போலீஸ் பிடிச்சிட்டுப் போனாத்தான் திருந்துவான்னு நானே நினைச்சேன். நான் என்ன செய்ய?" அன்றைக்கு நேரம் ஆகிவிட்டதால் பதில் சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் வந்திருக்கிறார்.

அம்மா, சாராயத்துக்கு எதிராக இந்த நாட்டில் தெருவில் இறங்கியவர்கள் பெண்கள்தான். அந்தக் கோபத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சிறைக்குப் போன பையன் அங்கே குடியை விடுவதில்லை, அதைவிடப் பெரிய சரக்குக்காரனைத்தான் பழகிக்கொண்டு வருகிறான். இதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. உபயோகித்த வழக்கிலோ சிறு அளவு வழக்கிலோ பிடிபட்ட அடிமைநோயாளி, தானாக முன்வந்து அரசாங்கம் நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் வைத்தியம் செய்துகொண்டால், அந்த வழக்கைத் தொடர முடியாது. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டால் மறுபடி வழக்கு வரும். வழக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சியோன் ஆஸ்பத்திரியில் மனநோய் பிரிவு இருக்கிறது, கே.இ.எம்.மிலும் இருக்கிறது. கேஸ் பேப்பர் எடுத்துக் காட்டலாம். வைத்தியச் சீட்டுகளை எல்லாம் பத்திரமாக வையுங்கள், கோர்ட்டில் அதுதான் பேசும். மகன் தனியாகப் போகமாட்டான், நீங்கள் சொன்னால் சங்கத்திலிருந்து ஒரு தோழர் கூட வருவார்.

கூட்டம் முடிந்ததும் வழக்கு உள்ளவர்கள் காகிதத்தோடு அந்த மேஜைக்கு வாருங்கள். மராத்தி படிக்கத் தெரிந்த தோழர்கள் இரண்டு பேர் ஒன்பது மணிவரை இருப்பார்கள். அசல் காகிதத்தை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்.